முணுமுணுக்காத மகள்

கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையில் இருந்து தினமும் கிண்ணியாப் பக்கம் பஸ்ஸில் போய்வரும் விஞ்ஞான ஆசிரியை. தரம் 8, 9 எடுக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். பாடசாலையில் ஒரே ஒரு மல்டிமீடியா புரொஜெக்டர், அதுவும் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். ஆசிரியர்களுக்கு உதவும் இணையத்தளங்கள் என்று நாற்பது சுட்டிகள் சேர்த்து வைத்திருக்கிறேன். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. சிலைட், வினாத்தாள் எல்லாம் மகள்தான் செய்து தருகிறாள். இந்த வருடம் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதப் போகிறாள், ஆனாலும் இரவு பதினொரு மணியானாலும் முணுமுணுக்காமல் செய்வாள். நல்ல தளங்களின் பட்டியல் ஒன்று தருவீர்களா?

பதில்: தங்கச்சி, இந்தக் கடிதம் எனக்கு மாதம் ஒன்றாவது வரும். பாடமும் ஊரும் மாறும், சேர்த்து வைத்த சுட்டிகளைத் திறந்து பார்க்காதது மட்டும் மாறாது. தளங்கள் கிடக்கட்டும். ‘முணுமுணுக்காமல்’ என்று எழுதினீர்களே, அங்கிருந்து தொடங்குவோம்.

ஓ.எல். எழுதப் போகிற பிள்ளை இரவு பதினொரு மணிவரை அம்மாவுக்காக உழைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்ப் படுக்கிறாள். அதை நல்ல குணம் என்று நினைக்கிறீர்கள். சொல்லிப் பலனில்லை என்று கண்டுகொண்ட பிள்ளையும் அப்படித்தான் இருக்கும். உங்கள் வகுப்பில் ஒருத்தி வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து, “ராத்திரி அம்மாவின் ஒபிஸ் வேலை செய்து கொடுத்தேன் ரீச்சர்” என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? மறுநாளே அந்த அம்மாவைப் பாடசாலைக்குக் கூப்பிட்டிருப்பீர்கள். நானும் ஆசிரியையாக இருந்தவள்தான், கூப்பிட்டிருக்கிறேன்.

பிள்ளைகள் வீட்டில் கைகொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. தேங்காய் திருவட்டும், முற்றம் கூட்டட்டும், தம்பிக்குச் சோறு போட்டுக் கொடுக்கட்டும். அது குடும்பத்து வேலை. அரசாங்கம் உங்களுக்குச் சம்பளம் தரும் வேலை அவளுடையது அல்ல.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மகள் செய்த மின்சுற்று சிலைட்டை வைத்துப் படிப்பிக்கும்போது ஒரு பையன் எழும்பி, “ரீச்சர், ஆளியை இந்தப் பக்கம் வைத்தால் என்ன?” என்று கேட்டால், அதற்கு அடுத்த சிலைட்டில் பதில் இருக்காது. நீங்களே கைவைத்துச் செய்ததாக இருந்தால் அந்த இடத்திலேயே மாற்றிக் காட்டுவீர்கள்.

ஆகவே பட்டியல் தர மாட்டேன். இரண்டு மூன்று சொல்கிறேன். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ உங்களுக்குத் தெரிந்திருக்கும், தரம் தரமாகத் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. பாடநூல் பிடிஎஃப் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில், ஆசிரியர் வழிகாட்டி தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில். அந்தப் புத்தகத்தில் இருக்கிற படத்தையே மகள் ராத்திரி ராத்திரியாகத் திரும்பக் கீறிக்கொண்டிருக்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எதற்கும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃபெட் (PhET), திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கும் தளம். பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, இலவசம். மின்சுற்றுப் பகுதியை எடுங்கள். மின்கலம், கம்பி, மின்குமிழ் எல்லாம் திரையில் கிடக்கும், விரலால் இழுத்து இணைக்க வேண்டியதுதான். இணைப்பு சரியென்றால் குமிழ் எரியும். மின்கலத்தின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் தீப்பிடிக்கும். வகுப்பே சிரிக்கும், குறுஞ்சுற்று என்றால் என்னவென்று பிறகு ஒருவரும் மறக்க மாட்டார்கள். பலவற்றுக்குத் தமிழ்ப் பதிப்பு உண்டு. வீட்டில் ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் பாடசாலையில் இணையமே தேவையில்லை. மல்டிமீடியா கிடைக்காத நாளில் மடிக்கணினியைச் சுற்றி எட்டு எட்டுப் பேராக நிற்க வைத்துக் காட்டுங்கள்.

வினாத்தாளுக்குப் பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செயலி. பிள்ளைகளிடம் போன் வேண்டாம், உங்களுடைய ஒன்று போதும். ஆளுக்கொரு அட்டை கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேளுங்கள். அட்டையில் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் விடை. நீங்கள் போன் கமெராவை வகுப்பு முழுக்க ஒருமுறை காட்டினால் யார் சரி, யார் பிழை என்று வந்துவிடும். சாதாரணத் தொகுப்பில் 40 அட்டைகள், உங்கள் வகுப்புக்குச் சரி. ஒவ்வொன்றும் வித்தியாசமானது என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்பிப் பிடிக்கவும் முடியாது.

அதுசரி, வெப்பம் படிப்பிக்க எத்தனை சுட்டி சேர்த்தீர்கள்? கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு பக்கம் பக்கமாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் இருக்கிறது. அதிபரிடம் அனுமதி வாங்கி, ஒரு வெப்பமானியோடு கூட்டிப் போங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள், ஒரே ஒரு தடவை. மவுஸ் உங்கள் கையில் இருக்கட்டும், அவள் வாயால் மட்டும் சொல்லட்டும். பிழை பிழையாக வரும், வரட்டும். நீங்களே குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவளுடைய பரீட்சை முடியும்வரை உங்கள் பாடசாலை வேலைக்கு அவளைக் கூப்பிடக் கூடாது. பிளிக்கர்ஸ் அட்டை வெட்டுவதற்கும் கூடாது.