பாத்ரூமில் யாரும் விழவில்லை

கேள்வி:

வணக்கம்மா. கோவை கணபதியிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு 38 வயது. 11 வருடமாக ஒரே பட்டறையில் லேத் ஓட்டுகிறார். சம்பளம் 18,000. ஏழு வாரத்துக்கு முன்னால் லேத்தில் இரும்பை இறுக்குகிற சாவியை, சக் கீ என்பார்கள், எடுக்க மறந்து மெஷினை ஆன் பண்ணிவிட்டார். அது பறந்து வந்து வாயிலேயே அடித்துவிட்டது. மேல் உதட்டில் மூன்று தையல். முன்பல் இரண்டும் ஆட்டம் கண்டுவிட்டன. சூப்பர்வைசர் எனக்குப் போன் செய்து வரச்சொல்லி, பக்கத்தில் இருந்த தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அன்றைய பில் 1,500 ரூபாயை முதலாளியே கட்டினார். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று நானே சொல்லிவிட்டேன், சூப்பர்வைசர் வழியிலேயே அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார். நாலாவது படிக்கும் மகளும் கேட்பவர்களிடம் அப்படியே சொல்கிறாள். நாலு நாள் வீட்டில் இருந்தார், அதற்குச் சம்பளம் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் வலி தானாக நின்றுவிட்டது. இப்போது ஒரு பல் சாம்பல் நிறமாகிவிட்டது. அதற்கு மேலே ஈறில் ஒரு கொப்புளம் வருவதும் உடைவதுமாக இருக்கிறது. பல் டாக்டர் இரண்டு பல்லுக்கும் ரூட் கேனல் செய்து கேப் போட 14,000 ஆகும் என்கிறார். வலியே இல்லாத பல்லுக்கு இவ்வளவு செலவு தேவையா? மேல்பல்லைப் பிடுங்கினால் கண்ணுக்கு ஆகாது என்கிறார் மாமியார். கம்மலை அடகு வைக்கலாமா என்று இருக்கிறேன். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள், ஆனால் அது காய்ச்சல் தலைவலிக்குத்தானே? முதலாளி நல்ல மனிதர். அவரைத் தொந்தரவு செய்ய மனமில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

கம்மலைக் கழற்ற வேண்டாம். பல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு வரியைப் பேசியாக வேண்டும்: "பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று நானே சொல்லிவிட்டேன்."

போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் அப்போது உதடு கிழிந்து, வாயில் துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச முடியாது. அவருக்காகப் பேச அந்த அறையில் நீங்கள் ஒருத்திதான் இருந்தீர்கள். அந்த நேரத்தில் உங்கள் வாய்தான் அவருடைய வாய். அதை வழியில் வந்த சூப்பர்வைசருக்குக் கொடுத்துவிட்டீர்களே அம்மா.

இந்தப் பாத்ரூம் எனக்குப் புதிதில்லை. பனியன் கம்பெனியில் விரலில் ஊசி ஏறினால் "வீட்டில் தைக்கும்போது" என்று எழுதுகிறார்கள். சாரத்திலிருந்து விழுந்தால் "மரம் ஏறினார்" என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பொய்யைச் சொல்வது பெண்டாட்டியோ அம்மாவோதான். குடும்பத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். என் அம்மாவும் சொன்னார். அப்பா கோவையில் ஒரு மில்லில் இருந்தார். ஒரு ராத்திரி ஷிப்டில் கை மெஷினில் சிக்கியது. மேஸ்திரி வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டதற்காக, கிணற்றடியில் விழுந்தார் என்று அம்மா சொல்லிவிட்டார். இரண்டு விரல் கடைசி வரை மடங்கவில்லை. ஒரு பைசா வரவில்லை. மடங்காத அந்த விரல்களோடு அப்பா சோற்றைப் பிசையும்போதெல்லாம் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். நான் பார்த்து வளர்ந்தது அது. அதனால்தான் உங்களிடம் கடுமையாகப் பேசுகிறேன்.

அந்தப் பொய் முதலில் வைத்தியத்தைக் கெடுத்தது. வழுக்கி விழுந்தார் என்றால் தாடையில் அடிபட்டிருக்குமோ என்ற சந்தேகம் வரும். டாக்டர் தாடை எலும்பையும் கடைவாய்ப் பற்களையும் காது ஓரத்து மூட்டையும் பார்ப்பார். ஓர் இரும்புச் சாவி வேகமாகப் பறந்து வந்து முன்பல்லில் அடித்தது என்று தெரிந்திருந்தால் பார்க்கிற இடமே வேறு. பல்லின் வேர் உடைந்திருக்கிறதா, பல் குழியிலிருந்து நகர்ந்திருக்கிறதா, கிழிந்த உதட்டுக்குள் பல் சில்லு ஏதும் புதைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துத் தேடியிருப்பார். ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டி, இரண்டு வாரமோ நாலு வாரமோ அசையாமல் வைத்திருப்பார். பட்டறை இரும்பு பட்ட காயம் என்றால் டெட்டனஸ் ஊசியைப் பற்றியும் கேட்டிருப்பார். இதில் எது நடந்தது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தையல் மட்டும்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வலி ஏன் நின்றது? பல்லுக்கு உள்ளே ஒரு சின்ன அறை உண்டு. அதில் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும். ஊசி முனை அளவுத் துவாரம் வழியாக வேரின் நுனியில் அவை உள்ளே நுழைகின்றன. பல் பலமாக அடிபட்டு ஆடும்போது அந்த நுனியில் அவை அறுந்துபோகலாம். வெளியே பல் முழுசாக நிற்கும், கீறல்கூட இருக்காது. உள்ளே உயிர் போய்விட்டிருக்கும். பன்னிரண்டாம் நாள் நின்றது அந்த நரம்பின் வலி. நரம்பு செத்ததால் நின்றது. நீங்கள் அதைக் குணம் என்று எடுத்துக்கொண்டீர்கள். செத்த சதை உள்ளே அழுகி, கிருமி சேர்ந்து, சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் வாசல்தான் அந்தக் கொப்புளம். சீழுக்குப் போக வழி இருப்பதால் வலிக்கவில்லை. வழி அடைபட்டால் முகமே வீங்கலாம்.

மாத்திரையால் இது தீராது. செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து எப்படிப் போய்ச் சேரும்? லவங்க எண்ணெய் வலியை மரக்கடிக்கும், அவ்வளவுதான். உள்ளே இருப்பதை எடுத்தாக வேண்டும். அதற்குப் பெயர்தான் ரூட் கேனல். மரத்துப்போக ஊசி போடுவார்கள். பல்லின் பின்பக்கம் சின்னத் துளை போட்டு, மயிரிழை மாதிரியான ஃபைல்களை விட்டு அழுகியதைச் சுரண்டி எடுப்பார்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற திரவத்தால் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். வெள்ளைத் துணிக்குப் போடுகிற பிளீச் இருக்கிறதே, அந்த இனம்தான். சீழ் இருந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற சுண்ணாம்பு வகை மருந்தைச் சில நாள் உள்ளே வைத்து மூடி அனுப்புவார்கள். எல்லாம் காய்ந்த பிறகு, கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலிலிருந்து செய்த பொருளால் அந்தக் குழாயை நுனிவரை அடைப்பார்கள். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே குழாய்தான். கடைவாய்ப் பல்லில் மூன்று நான்கு இருக்கும். அதனால் முன்பல்லுக்கு இது கஷ்டமான வேலை இல்லை.

பல் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டாவது பல்லும் செத்துவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்கிறார்? அடிபட்ட பல் இரண்டு மூன்று மாதம்வரை குளிர்ச்சியை வைத்து நரம்பைப் பார்க்கும் சோதனைக்குப் பதில் சொல்லாமல் மரத்துக் கிடந்து, பிறகு விழித்துக்கொள்வதும் உண்டு. கொப்புளமோ, எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்போ இல்லாவிட்டால் அதைக் கவனித்துக்கொண்டே காத்திருக்கலாமா என்று கேளுங்கள். அடுத்தது கேப். கடைவாய்ப் பல்லுக்கு அது பெரும்பாலும் தேவை. உடையாமல் முழுசாக இருக்கும் முன்பல்லுக்கு அப்படி இல்லை. சாம்பல் நிறத்தைக்கூட உள்ளிருந்தே வெளுக்க வைக்க முடியும். ஆனால் பல்லில் அடிபட்ட தேதியையும் அடித்த பொருளையும் சரியாகச் சொல்லாமல் இந்தக் கேள்விகளை அவரிடம் கேட்டுப் பயனில்லை.

பிடுங்குவதைப் பற்றி மாமியார் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் பிடுங்கிக் கண் போகாது. மேல்பல்லில் சீழை விட்டுவைத்தால்தான் அது கன்னத்தில் ஏறிக் கண் பக்கம் பரவும் ஆபத்து உண்டு. கண்ணை நினைத்துப் பயப்படுகிறவர் முதலில் சீழை எடுக்கச் சொல்ல வேண்டும். பல்லை எடுத்துவிட்டால் அந்த இடத்து எலும்பு கரையும். பிறகு பல் கட்ட, நன்றாக இருக்கும் பக்கத்துப் பற்களை ராவ வேண்டிவரும். காப்பாற்ற முடிகிற பல்லைக் காப்பாற்றுங்கள்.

இனி பணம். 18,000 சம்பளத்தில் மாதம் 135 ரூபாய் ஈ.எஸ்.ஐ.க்குப் போகிறது. 0.75 சதவீதம். உங்கள் முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய் கட்ட வேண்டும். ஒவ்வொரு மாதமும் உங்கள் வீட்டுக்காரர் பெயரில் 720 ரூபாய். அது காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் மட்டும் என்று யார் சொன்னது? பல் வைத்தியமும் அதில் அடக்கம். கோவைக்கு ஈ.எஸ்.ஐ. வந்தது 1955-ல். எழுபது வருடமாக இந்த ஊர்த் தொழிலாளி கட்டுகிற பணம். அதை வைத்துக்கொண்டு கம்மலைப் பார்க்கிறீர்கள்.

வேலையில் பட்ட காயத்துக்கு அங்கே தனி உரிமை உண்டு. அடிபட்ட நாள் போக மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்தால், சராசரிக் கூலியில் 90 சதவீதம் ஈ.எஸ்.ஐ. கொடுக்கும். நோய்க்கான உதவித்தொகை போல, இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. உங்கள் வீட்டுக்காரர் நாலு நாள் படுத்திருந்தார். அந்தக் கூலி எங்கே போனது? பாத்ரூமுக்குள் போனது.

சாவியை எடுக்க மறந்தது அவர் தப்புதானே என்று உங்கள் மனதில் ஓடும். அதனால்தான் அவரும் தலையைக் குனிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். ஈ.எஸ்.ஐ.யில் அசதியா, மறதியா, யார் தப்பு என்று பார்த்துக் கூலியை நிறுத்துவதில்லை. வேலையில், வேலையால் அடிபட்டதா என்பதுதான் கேள்வி.

முதலாளி நல்லவர் என்கிறீர்கள். இருக்கட்டும். 1,500 ரூபாய் கட்டினார், 14,000 ரூபாய் உங்கள் காதில் தொங்குகிறது. உண்மையிலேயே நல்லவர் என்றால் அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதி, ஈ.எஸ்.ஐ.க்கு அறிக்கை அனுப்பியிருப்பார். அது அவர் செய்ய வேண்டிய கடமை. அவர் கைப்பணம்கூடப் போயிருக்காது. அதோடு, கையை எடுத்தால் தானாகவே வெளியே துள்ளி விழுகிற மாதிரி ஸ்பிரிங் வைத்த சக் கீ விற்கிறது. அது வாங்கிப் போடப்பட்டதா? இல்லையென்றால் ராத்திரி ஷிப்டில் அதே லேத்தில் நிற்கிற பையனுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள். நீங்கள் சொன்ன பொய் அவன் முகத்துக்கு நேராகவும் நிற்கிறது. குடும்பம் என்றால் நம் வாசற்படியோடு முடிகிற விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் சம்பளச் சீட்டையும் ஈ.எஸ்.ஐ. எண்ணையும் எடுங்கள். அந்த எண்ணுக்குப் பணம் ஒழுங்காக ஏறுகிறதா என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள். பிடிப்பார்கள், கட்ட மாட்டார்கள் என்ற கதையும் நடக்கிறது. உங்களுக்கு ஒதுக்கிய ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் அங்கே இருக்கும் டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லி, பல் சிகிச்சைக்கு சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எழுதி வாங்குங்கள். சீழ் இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்லுங்கள், இந்த வாரமே போங்கள். விபத்து அறிக்கை அனுப்பும்படி முதலாளிக்கு எழுத்தில் கொடுத்து, கிளை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். தேதி, நேரம், எந்த லேத், பக்கத்தில் யார் நின்றார்கள், எல்லாம் அதில் இருக்கட்டும். ஏழு வாரம் ஏன் பேசவில்லை என்று விசாரிப்பார்கள். பயந்தோம், இப்படிச் சொல்லச் சொன்னார்கள் என்று சொல்லுங்கள். கிளினிக் சீட்டில் பாத்ரூம் என்று இருப்பது உங்களுக்குத் தடையாகத்தான் இருக்கும். எவ்வளவு கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பட்டறையில் கூட நின்றவர்கள் வாய் திறந்தால் உதவும். அவர்கள் திறக்க வேண்டுமானால் முதலில் நீங்கள் திறக்க வேண்டும்.

இதைப் படிக்கிற மற்ற பட்டறை வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அடியில் நிலைப்பல் முழுசாகக் கழன்று கீழே விழுந்தால் தூக்கிப்போடாதீர்கள். வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுங்கள், வேரைத் தேய்க்காதீர்கள். முடிந்தால் அந்த இடத்திலேயே குழிக்குள் வையுங்கள். முடியாவிட்டால் டீக்கடையில் ஒரு டம்ளர் காய்ச்சாத குளிர்ந்த பால் வாங்கி அதில் போட்டு ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் டாக்டர் கையில் சேர்ந்தால் பல் திரும்ப ஒட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது.

உங்களுக்கு இன்னொன்று அம்மா. மகள் நாலாவது படிக்கிறாள் என்றீர்கள். அப்பாவுக்கு அடிபட்டால் எங்கே அடிபட்டது என்று சொல்லக்கூடாது என அவளுக்கு இந்த வயதில் பழக்கியிருக்கிறீர்கள். மருந்தகத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் பரவாயில்லை. இந்தத் தடவை உங்கள் வீட்டுக்காரரே பேசட்டும், உதடு ஆறிவிட்டதே. எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்கும்போது அவள் பக்கத்தில் நிற்கட்டும்.