42 வயதில், எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) மட்டும் வைத்துக்கொண்டு பட்டப்படிப்பில் சேர முடியுமா?

கேட்டவர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர். எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) இல்லை என்று தயங்குகிறார்.

முடியும், அண்ணே. வேலை அனுபவத்தையே தகுதியாக ஏற்கும் ‘ஏப்பல்’ (APEL) என்ற வழி மலேசியாவில் இருக்கிறது. டிப்ளோமாவுக்கு 20, இளங்கலைக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். படிக்கப்போகும் துறையோடு ஒட்டிய அனுபவமும் வேண்டும். ஒரு திறனறித் தேர்வு, ஓர் அனுபவக் கோப்பு, அவ்வளவுதான்.

அந்தக் கோப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். “இருபது வருசம் கிராணி” என்று ஒரு வரி எழுதினால் போதாது. செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) பார்த்தது, சம்பளக் கணக்குப் போட்டது, செம்பனைக் குலை எடை பதிந்தது, புதிதாக வந்தவருக்குப் பழக்கிக் கொடுத்தது எல்லாவற்றையும் விரிவாக எழுதுங்கள். நியமனக் கடிதம், பயிற்சிச் சான்றிதழ், நிர்வாகியின் கடிதம் மூன்றையும் இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். தோட்டம் கைமாறினால் பழைய தாள்கள் கிடைப்பது பெரும்பாடு. என் அப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று.

கணக்கியலோ நிர்வாகமோ எடுத்தால் உங்கள் அனுபவம் நேராகப் பொருந்தும். வேலையை விடாமல் படிக்க மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. கட்டணத்துக்கு ஊழியர் சேமநிதியின் செஜாத்தெரா (Sejahtera) கணக்கிலிருந்து எடுக்கலாம். ஆனால் முதல் பருவத்துக்கு மட்டும் எடுத்துப் பாருங்கள். அது உங்கள் முதுமைக்கான காசு.