துவைக்கும் பலகை எதைக் குறிக்கிறது?

எதையும் குறிக்கவில்லை, நீங்கள் தேடும் குறியீடு அங்கே இல்லை. அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஸ்டீபன்ஸின் 'தி கிராக் ஆஃப் கோல்ட்' (1912) நாவலில் அது களவுபோன துவைக்கும் பலகை, அவ்வளவுதான். விவசாயி மீஹாலின் பூனை, லெப்ரகான் என்னும் அயர்லாந்து நாட்டார் கதைக் குள்ளர்களின் காவலில் உள்ள ராபின் குருவியைக் கொன்றுவிட்டதால், அவர்கள் பழிக்குப் பழியாக அவன் வீட்டுப் பலகையைத் தூக்கிச் சென்றுவிடுகிறார்கள்.

மாயம் என்றால் வேறோர் உலகம் என்று எதிர்பார்ப்பதே உங்கள் தடுமாற்றத்துக்குக் காரணமாக இருக்கலாம். மீஹால் தத்துவஞானியிடம் துப்புக் கேட்கும் பகுதியை மீண்டும் படித்து, குள்ளர்கள் இருப்பதைப் பற்றி இருவரில் எவராவது வியக்கிறார்களா என்று பாருங்கள். (தத்துவஞானி குளிப்பதைப் பற்றி நீட்டி முழக்குவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.)

ஆனால் நாவலில் பின்னால் வரும் பான், கிரேக்கத் தெய்வம். அவரை அயர்லாந்தின் நாட்டார் கதைகளில் தேடாதீர்கள்.