பார்க்கர் இரட்டைக்குழல்: கேள்வி பதில்

(கனெக்டிகட் மாநிலம் மெரிடன் நகரில் பார்க்கர் சகோதரர்கள் செய்த பழைய துப்பாக்கிகள் பற்றி.)

கேள்வி: ஐயா, என் துப்பாக்கியில் குழலைத் திறக்க மேலே இருக்கும் கைப்பிடி, அதாவது மேல் லீவர், இல்லை. விசைக்காப்புக்கு முன்னால் ஒரு பொத்தான்தான் இருக்கிறது. யாராவது மாற்றியிருப்பார்களா?

பதில்: இல்லை. அதை மேல்நோக்கி அழுத்திப் பாருங்கள், பூட்டு விலகிக் குழல் சாயும். பார்க்கரின் தொடக்க கால அமைப்பு அது. மேல் லீவர் 1880-களில் வந்தது. வந்த பிறகும் பொத்தான் வகையைக் கேட்டவர்களுக்குச் செய்து கொடுத்தார்கள். ஆகவே பொத்தானை வைத்து ஆண்டை முடிவு செய்யாதீர்கள். வரிசை எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: சுடும் சுத்தியல் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும் வகை எப்போது வந்தது?

பதில்: 1880-களின் கடைசியில். சுத்தியல் வகையும் கூடவே விற்றது.

கேள்வி: 'டிஎச்இ' என்று சொல்லி ஒருவர் விற்கிறார். வரிசை எண் 1890-களைச் சேர்ந்தது. நம்பலாமா?

பதில்: டி என்பது தரத்தைக் குறிக்கும் எழுத்து, எச் என்றால் வெளிச்சுத்தியல் இல்லை, இ என்றால் சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர். எஜெக்டர் 1902-ல்தான் வந்தது. அப்படியானால் பிறகு பொருத்தியிருக்கிறார்கள். தரத்தையும் சோதியுங்கள். நல்ல கைவேலைக்காரர் மலிவான துப்பாக்கியிலும் பறவையும் நாயும் செதுக்கிவிடுவார். சித்திரத்துக்கு மயங்க வேண்டாம். குழலைக் கழற்றிக் கவிழ்த்தால் அடிப்பக்கத்தில் வரிசை எண்ணும், முழுதாக இழைப்பதற்கு முன் குழல் இருந்த எடையும் பொறித்திருக்கும். குழல், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையின் இரும்பு மூன்றிலும் ஒரே எண்தானா என்று பாருங்கள். வேறுபட்டால் பேரத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: 1910-ல் ஒரு மாற்றம் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே?

பதில்: வெளியே தெரியாது. பார்க்கர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹேஸ் பூட்டும் பொறியைச் சுருக்கி, பல உறுப்புகளின் வேலையைச் சிலவற்றிடம் ஒப்படைத்தார். பார்க்கும் ஆசையில் கடை ஸ்க்ரூடிரைவரால் திறந்துவிடாதீர்கள். அந்தத் திருகுகளின் தலையில் உள்ள காடி (ஸ்க்ரூடிரைவர் நுழையும் பள்ளம்) மிக மெல்லியது. சிதைந்த திருகுத்தலையைப் பார்த்ததுமே வாங்க வந்தவர் விலையைக் குறைப்பார்.

கேள்வி: 'ட்ரோஜன்' என்ற பெயரில் வரும் துப்பாக்கி அசல் பார்க்கர்தானா?

பதில்: அசல்தான், 1910-களில் வந்த மலிவு வகை. மற்றவற்றில் குழல்களின் மேல் பட்டை பின்னால் நீண்டு சட்டத்துக்குள் அமரும். ட்ரோஜனில் அந்த நீட்சி இல்லை.

கேள்வி: இரும்பையும் எஃகையும் முறுக்கி ஒட்டிச் செய்த பழைய டமாஸ்கஸ் குழலில் இன்றைய தோட்டா போடலாமா?

பதில்: போடாதீர்கள். எஃகுக் குழலானாலும் தோட்டா அமரும் அறையின் நீளத்தைத் துப்பாக்கி வல்லுநரிடம் அளக்கச் சொல்லுங்கள். பழைய பார்க்கர்களில் அது பெரும்பாலும் குட்டை.

கேள்வி: ரெமிங்டன் காலத்துத் துப்பாக்கிகள் மட்டமா?

பதில்: 1934-ல் ரெமிங்டன் நிறுவனம் பார்க்கரை வாங்கியது, பிறகு வேலை நியூயார்க் மாநிலத்து இலியனுக்குப் போனது, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நின்றது. மட்டம் என்பது மெரிடனில் செய்ததே உசத்தி என்று நினைக்கும் பித்தர்களின் பேச்சு.