வண்டிகள் போய்வரும் ரோட்டில் ஓட்டப் பயிற்சி செய்கிறவர்கள் எந்தப் பக்கம் ஓட வேண்டும்? பளிச்சென்ற மேல்சட்டை போட்டால் பாதுகாப்புக்குப் போதுமா?

வண்டி எதிரே வரும் பக்கமாக ஓடுங்கள். மேல்சட்டை மட்டும் போதாது. கேட்டதற்குச் சுருக்கமான பதில் இவ்வளவுதான். ஆனால் பக்கத்தை மாற்றியே ஆகவேண்டிய இடங்கள் சில உண்டு. பளிச்சென்ற சட்டை உதவவே உதவாத நேரமும் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டிகள் இடப்பக்கமாகப் போகும் நாடுகளில் ரோட்டின் வலது ஓரம், வலப்பக்கமாகப் போகும் நாடுகளில் இடது ஓரம். உங்களை உரசிக்கொண்டு போகக்கூடிய வண்டி முதுகுப் பக்கமாக வராமல் கண்ணுக்கு எதிரே வரவேண்டும் என்பதுதான் கணக்கு. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும் குடியிருப்புப் பகுதிக்கு வெளியே ரோட்டில் நடப்பவர்களுக்கு இதையே சொல்கிறது, ‘அப்படிப் போவதே ஆபத்தாக இருந்தால் தவிர’ என்ற நிபந்தனையோடு. ஓடத் தகுந்த நடைபாதை இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், அதில் ஓடுங்கள்.

வண்டி போகும் திசையிலேயே ஓடினால் மோதும் வேகம் குறையுமே என்று சிலர் கேட்பார்கள். கணக்குப்படி சரிதான். 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 10 கி.மீ. வேகத்தில் ஓடுகிறவரைப் பின்னாலிருந்து இடித்தால் வித்தியாசம் 50, எதிரே இடித்தால் 70. ஆனால் பின்னால் வருவதை நீங்கள் பார்க்கவே போவதில்லை. எதிரே வருவது 100 மீட்டர் தள்ளி வரும்போதே தெரிந்தால் 5 விநாடி கிடைக்கும். இரண்டடி எடுத்து வைத்து ஒதுங்க ஒரு விநாடி போதும்.

அந்த இரண்டடி வைக்க இடம் இருக்கிறதா என்பதுதான் ரோட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்கவேண்டிய முதல் விஷயம். தார் விளிம்புக்கு வெளியே ஒரு மீட்டராவது மண்ணோ புல்லோ வேண்டும். ஒரு பக்கம் மதில், இரும்புத் தடுப்பு, குறுகலான பாலம், ஆழமான வாய்க்கால் என்றால் அந்த நீளத்துக்கு நீங்கள் மாட்டிக்கொண்ட மாதிரிதான். வேறு வழியே இல்லையென்றால் முன்னும் பின்னும் பார்த்து, வண்டி இல்லாத இடைவெளியில் கடந்துவிடுங்கள். அடுத்தபடியாக வேகத்தைப் பாருங்கள். உலக சுகாதார அமைப்பு சொல்லும் ஒரு கணக்கு: கார் மோதும் வேகம் 50 கி.மீ.யிலிருந்து 65 ஆனால் நடந்து போகிறவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்காகிறது. வண்டிகள் அதிகமாக, ஆனால் மெதுவாகப் போகும் தெருவா, எப்போதாவது ஒரு வண்டி வந்தாலும் பறந்து வரும் ரோடா என்றால் நான் முன்னதைத்தான் சொல்வேன்.

இரவுக்கு வருவோம். காய்ந்த ரோடு, நல்ல டயர், டிரைவர் சுதாரிக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொண்டால் 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க ஏறக்குறைய 35 மீட்டர் ஆகும். 60இல் 45 மீட்டர், 80இல் 70 மீட்டர். ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போட்டு வரும் டிரைவருக்குக் கறுப்போ கருநீலமோ போட்ட ஆள் 30 மீட்டருக்குள் வந்த பிறகே தெரிவது சகஜம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 60இல் வருகிறவர் எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும் அவருக்கு நிறுத்த இடம் இல்லை.

பளிச்சென்ற மேல்சட்டையில் நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். கண்ணைப் பறிக்கும் அந்த மஞ்சளும் ஆரஞ்சும் ஃப்ளோரசென்ட் சாயம். வெயிலில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கித் தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுப்பதால்தான் அந்த மினுக்கு. பகலிலும், வெளிச்சம் மங்கும் நேரத்திலும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. இருட்டியபின் புற ஊதாவும் கிடையாது, மினுக்கும் கிடையாது. ஹெட்லைட் முன் அது வெறும் வெளிர் நிறச் சட்டைதான். இருட்டுக்கு வேண்டியது ரிஃப்ளெக்டிவ் பட்டை. அதில் இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ ஒளி வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் ஹெட்லைட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் டிரைவர் கண்ணுக்கு அது 150 மீட்டருக்கு முன்பே எரிகிற மாதிரி தெரியும்.

அதை எங்கே கட்டுவது என்பது முக்கியம். மார்பில் மட்டும் இருந்தால் டிரைவருக்கு ஒரு பளபளப்பு தெரியும். அது பெயர்ப்பலகையா, வேலிக் கம்பமா, நிறுத்திய வண்டியா என்று புரியாது. கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு போன்ற ஆடும் இடங்களில் இருந்தால் அந்த அசைவைப் பார்த்ததுமே ‘ஆள்’ என்று மூளை பிடித்துக்கொள்கிறது. ஒரே ஒரு ஜோடி வாங்கத்தான் காசு இருக்கிறதென்றால் கணுக்காலுக்கு வாங்குங்கள். ஹெட்லைட் வெளிச்சம் முதலில் விழுவதும் கீழேதான். பழைய பட்டை என்றால் சோதித்துவிட்டுப் போடுங்கள். இருட்டு அறையில் பதினைந்து அடி தள்ளி மாட்டி, போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் ஒளி கண்ணுக்குத் திரும்பாது, நல்ல பட்டையும் செத்தது போலத் தெரியும். துவைக்கத் துவைக்க மணிகள் உதிரும். சாம்பல் திட்டுகள் தெரிந்தால் மாற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது.

பட்டைக்கு ஒரு குறை உண்டு: தன் மேல் வெளிச்சம் விழுந்தால்தான் வேலை செய்யும். வளைவில் திரும்பிவரும் வண்டியின் ஹெட்லைட் உங்கள் மேல் விழுவதற்குள் அது பக்கத்தில் வந்திருக்கும். அதனால் சொந்த விளக்கும் வேண்டும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. தெருவிளக்கு இல்லாத ரோட்டுக்கு, தலையில் மாட்டிக்கொள்ளும் 150 முதல் 250 லூமன் (விளக்கு தரும் ஒளியின் அளவு) ஹெட்லாம்ப் போதும். ஐந்தாறு மீட்டர் முன்னால் தரையில் விழும்படி சாய்த்து வையுங்கள். நேராக வைத்தால் எதிரே வருகிறவர் கண் கூசும், உங்கள் காலடிக் குழியும் தெரியாது. சிவப்பு விளக்கை இடுப்புப் பட்டையின் பின்புறம் மாட்டி, சட்டை அதன் மேல் தொங்குகிறதா என்று ஒரு தடவை தடவிப் பாருங்கள். மாட்டிய விளக்கைத் தானே சட்டையால் மூடிக்கொண்டு ஓடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. எதிர் ஹெட்லைட் கூசும்போது அதைப் பார்க்காமல் ரோட்டோர வெள்ளைக் கோட்டைப் பாருங்கள்.

விடியற்காலையிலும் சாயங்காலமும் ஓடுகிறவர்கள் தங்கள் நிழலைக் கவனிக்கவேண்டும். நிழல் நீளமாக உங்களுக்கு முன்னால் விழுந்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உங்களுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரியும். எதிரே வரும் டிரைவருக்கோ சூரியன் நேராகக் கண்ணில். தூசி படிந்த முன் கண்ணாடி என்றால் மொத்தக் கண்ணாடியும் வெள்ளையாகிவிடும். அவருக்கு நீங்கள் அங்கே இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு, வண்டி கடக்கும்வரை தாரை விட்டு இறங்கிவிடுங்கள்.

இனி பக்கத் தெருக்கள். வண்டி எதிரே வரும் பக்கமாக ஓடுகிறவருக்கு இதுதான் மிக மோசமான இடம், ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பக்கத் தெருவிலிருந்து மெயின் ரோட்டில் ஏறக் காத்திருக்கும் டிரைவர் தலையைத் திருப்பி எந்தப் பக்கமிருந்து வண்டிகள் வருகின்றனவோ அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் வருவது நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து. வண்டிகளுக்கு நடுவே ஒரு சந்து கிடைத்ததும், தலையைத் திருப்புவதற்கு முன்பே அவர் கால் பிரேக்கிலிருந்து எழும்பிவிடும். அந்த அரை விநாடியில் நீங்கள் சரியாக பம்பருக்கு முன்னால் இருப்பீர்கள்.

அந்த மாதிரி வண்டி நின்றுகொண்டிருந்தால் அதன் முன்னால் போகாதீர்கள், பின்னால் சுற்றிப் போங்கள். நாலு அடி கூடுதல், அவ்வளவுதான். முன்னால்தான் போகவேண்டும் என்றால், டிரைவர் முகம் உங்கள் பக்கம் திரும்பி, வண்டியும் அசையாமல் நின்ற பிறகு போங்கள். கண் பார்த்ததை மட்டும் நம்பவேண்டாம். கண் உங்கள் மேல் பட்டாலும் மனம் வேறு எங்கோ இருக்கலாம். முன் சக்கரத்தைப் பாருங்கள். உருளும் டயரின் மேல் விளிம்பு வண்டியின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் நகர்வதால், வண்டி அங்குலம் நகர்ந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

அதே தெருமுனையில் இன்னொரு வண்டியும் உண்டு: உங்கள் திசையிலேயே பின்னால் வந்து, ரோட்டைக் குறுக்கே வெட்டி அந்தத் தெருவுக்குள் நுழைவது. அந்த டிரைவர் கவனம் முழுக்க எதிரே வரும் வண்டிகளின் இடைவெளியில் இருக்கும், இடைவெளி கிடைத்ததும் அவசரமாகத் திருப்புவார். முன் கண்ணாடியின் ஓரத் தூண் வேறு உங்களை முழுசாக மறைக்கும். அவர் திரும்பும் வேகமும் நீங்கள் ஓடும் வேகமும் ஒத்துப்போனால் கடைசிவரை மறைத்துக்கொண்டே வரும். தெருமுனையில் கால் வைக்கும் முன் தோளுக்கு மேல் ஒரு பார்வை, ஒவ்வொரு தெருவுக்கும்.

பக்கம் மாறவோ தாரை விட்டு இறங்கவோ வேண்டிய இடங்கள் இரண்டு. வளைவின் உட்புறத்தில் நீங்கள் இருந்து, புதரோ சுவரோ மறைத்தால், எதிரே வருகிறவருக்கு நீங்கள் தெரியும்போது நிறுத்தும் தூரம் தீர்ந்திருக்கும். வளைவுக்கு ஐம்பது அறுபது மீட்டர் முன்பே, ரோடு நேராகத் தெரியும் இடத்தில் குறுக்கே கடந்து வெளிப்புறம் போய்விடுங்கள், வளைவு முடிந்ததும் திரும்பி வாருங்கள். வளைவுக்குள் நின்று கடக்க நினைப்பது அதைவிட மோசம். ரோடு ஏறி இறங்கும் மேட்டு உச்சியும் இப்படித்தான். அங்கே பக்கம் மாறுவதைவிடத் தாரை விட்டு இறங்கி ஓடுவது எளிது.

எதிரே பார்த்து ஓடினாலும் முதுகுப் பக்க ஆபத்து முழுசாகப் போய்விடாது. இருவழி ரோட்டில் பின்னால் வரும் வண்டி இன்னொன்றை ஓவர்டேக் செய்ய உங்கள் பக்கத்துக்கு ஏறும். எதிரே வண்டி இல்லை என்று மட்டும்தான் அவர் பார்த்திருப்பார். எதிரே ரோடு காலியாக இருந்து, பின்னால் இன்ஜின் முறுக்கும் சத்தம் கேட்டால் ஒதுங்குங்கள். லாரியும் பஸ்ஸும் எதிரே வரும்போது இரண்டு விஷயம்: வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக் கண்ணாடி தலை உயரத்தில் வரலாம், அதன் முதுகை ஒட்டி வரும் இரு சக்கர வண்டிக்காரர் உங்களைப் பார்த்தே இருக்கமாட்டார். லாரி போய்விட்டதே என்று உடனே தாரில் ஏறாதீர்கள்.

நிறுத்திய வண்டிகள் ஓரமாக ஓடினால் கதவு திறக்கும் அகலம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலாக, விட்டு ஓடுங்கள். பின்புற வெள்ளை விளக்கு எரிந்தால் ரிவர்ஸ்.

இயர்போன் வேண்டாம் என்பது என் கட்சி. விட முடியாதென்றால் ஒரு காதில் மட்டும், சத்தம் தடுக்கும் வசதியை அணைத்துவிட்டு. மெதுவாக வரும் மின்சாரக் கார் காதில் விழாது என்பதால்தான், 20 கி.மீ. வேகம்வரை அது செயற்கையாக ஒலி எழுப்பவேண்டும் என்று ஐ.நா.வின் வாகன விதிமுறை ஒன்று சொல்கிறது. காதில் பாட்டு ஓடினால் அந்த ஒலியும் வீண். வாட்சும் சளைத்ததல்ல. ஓடிக்கொண்டே 2 விநாடி திரையைப் பார்த்தால் ஐந்தரை மீட்டர் பார்க்காமலே ஓடியிருக்கிறீர்கள். சிக்னலில் நின்றால் சராசரி வேகம் கெடுமே என்று தாவுகிறவர்கள், நின்றதும் வாட்ச் தானாகவே நேரக் கணக்கை நிறுத்திக்கொள்ளும் ‘ஆட்டோ பாஸ்’ (auto pause) வசதியைப் போட்டுக்கொள்ளலாம். வேகப் பயிற்சியை மைதானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு முட்டும்போது கவனம் காலடியைத் தாண்டாது.

மழையில் வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் வழுக்கும். தேங்கிய தண்ணீரில் குழியின் ஆழம் தெரியாது, அதைத் தவிர்க்க உள்ளே விலகும் அந்த ஒரு அடிதான் வண்டிப் பாதையில் விழும். விலகும் முன் எதிரேயும் பின்னாலும் பாருங்கள். நாய் துரத்தினாலும் இதே கதைதான்: ரோட்டுக்குள் பாயாமல் நின்று, அதன் பக்கம் திரும்பி, அதட்டியபடி மெல்லப் பின்வாங்குங்கள்.

கூட்டமாக ஓடினால் ஒற்றை வரிசை. முன்னால் ஓடுகிறவரிடம் வெள்ளை விளக்கு, கடைசி ஆளிடம் சிவப்பு. தனியாகப் போனால் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். போனைத் திறக்காமலே பார்க்கக்கூடிய அவசரத் தகவலில் ரத்த வகையும் ஒரு உறவினர் எண்ணும் இருக்கட்டும்.

கடைசியாக, ஒரே பக்கம் ஓடுவதால் வரும் முழங்கால் வலி. மழைநீர் வடிவதற்காக ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும், அதனால் ஓரத்துக் கால் எப்போதும் தாழ்வாகவே விழும். போகும்போது ஒரு ஓரம், வரும்போது மறு ஓரம், சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. இரண்டு தடவையும் வண்டிக்கு எதிராகத்தானே ஓடுகிறீர்கள்? அதே கால்தான் தாழ்வில் விழும். இதற்காக வண்டிக்கு முதுகைக் காட்டி ஓடவேண்டாம். சரிவு குறைந்த ரோட்டைத் தேடுங்கள், அல்லது வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மைதானத்திலோ மண்பாதையிலோ ஓடுங்கள்.