என்.எம்.எஸ்-இல் (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர்) ரவுட்டர் இன்டர்ஃபேஸ், அதாவது போர்ட், ‘அப்’ என்று காட்டுகிறது, ஆனால் லைன் வேலை செய்யவில்லை. ஏன்?

கேட்டவர் சொன்ன நிலவரம்: தலைமை அலுவலகம் பாரிமுனையில், கன்டெய்னர் யார்டுகள் மணலியிலும் எண்ணூரிலும். லிப்ரே-என்.எம்.எஸ்-இல் எல்லா ரவுட்டரையும் சேர்த்தாயிற்று. போர்ட் எல்லாம் பச்சை. ஆனாலும் யார்டிலிருந்து "லைன் இல்ல சார்" என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. வேறு சாஃப்ட்வேருக்கு மாறலாமா?

மாற வேண்டாம். சாபிக்ஸ் போட்டாலும், பி.ஆர்.டி.ஜி-க்குக் காசு கட்டினாலும் இதே பச்சைதான் தெரியும். எல்லாமே எஸ்.என்.எம்.பி (கருவிகளிடம் நிலவரம் கேட்கும் முறை) வழியாக ரவுட்டரிடம் படிப்பது ஒரே விவரத்தைத்தான்: 1.3.6.1.2.1.2.2.1.8 என்ற அடையாள எண் கொண்ட ஆப்பர் ஸ்டேட்டஸ், அதாவது போர்ட்டின் இப்போதைய நிலை. 1 வந்தால் அப், 2 வந்தால் டவுன். தன் போர்ட்டில் செருகியிருக்கும் கேபிளின் அடுத்த முனையில் ஒரு பெட்டி உயிரோடு இருக்கிறதா என்பதுவரைதான் ரவுட்டருக்குத் தெரியும். யார்டுகளில் அந்த அடுத்த பெட்டி பெரும்பாலும் மீடியா கன்வர்ட்டர், ஃபைபரைக் காப்பர் கேபிளோடு இணைப்பது; சர்வீஸ்காரர் (லைன் கொடுப்பவர்) ராக்கில் வைத்துவிட்டுப் போன உள்ளங்கை அளவு டப்பா. ரவுட்டருக்கும் அதற்கும் நடுவே இருப்பது ஒரு முழம் காப்பர் கேபிள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி தலைக்கு மேல் தொங்கும் ஃபைபரை இழுத்துக்கொண்டு போனாலும் அந்த ஒரு முழத்துக்கு ஒன்றும் ஆகாது. போர்ட் அப்பில்தான் இருக்கும்.

இந்தப் பக்கத்து அலுவலகங்களுக்கு நெட்வொர்க் பார்ப்பவன் என்ற முறையில், சந்தேகம் வந்தால் நான் முதலில் கூப்பிடுவது யார்டு செக்யூரிட்டியை.

"அண்ணே, அந்தச் சின்ன டப்பால எஃப்.எக்ஸ்-னு போட்டிருக்கிற லைட்டு எரியுதா?"

"அது எரியல பா. பக்கத்துல டி.பி-னு ஒண்ணு பச்சையா எரியுது."

அவ்வளவுதான் வேண்டும். டி.பி காப்பர் பக்கம், எஃப்.எக்ஸ் ஃபைபர் பக்கம். வெளியே ஃபைபர் அறுந்திருக்கிறது, அல்லது எதிர்முனைப் பெட்டி செத்திருக்கிறது.

நிறைய கன்வர்ட்டர்களில் எல்.எஃப்.பி என்று ஒரு டிப் சுவிட்ச் உண்டு. அதை ஆன் செய்தால் ஃபைபர் போனதும் காப்பர் பக்கத்தையும் அதுவே இறக்கிவிடும். என்.எம்.எஸ்-இலும் சிவப்பு விழும். டப்பா சர்வீஸ்காரருடையது, அவரிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும். நடுவழியில் அவருடைய சுவிட்ச் ஒன்று இருந்து அதற்கு அப்பால் அறுந்தால் இதுவும் உதவாது. அதனால் இன்டர்ஃபேஸ் நிலையோடு பிங்கும் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) சேர்த்து வையுங்கள்: அந்த லைனின் எதிர்முனை ஐ.பி-க்கு, அந்த லைன் வழியாகவே போகும்படி ரூட் போட்டு. இல்லாவிட்டால் பேக்கப் லைனில் சுற்றிப் போய்ப் பதில் வாங்கி வந்து உங்களை ஏமாற்றும்.

ஆப்பர் ஸ்டேட்டஸைத் தனியாகப் படிப்பதிலும் பிரயோஜனம் இல்லை. அதற்கு முந்தைய எண், 7-இல் முடிவது, அட்மின் ஸ்டேட்டஸ், அதாவது போர்ட்டை நாம் ஆன் செய்து வைத்திருக்கிறோமா என்பது. அட்மின் 2, ஆப்பர் 2 என்றால் யாரோ ஷட்டவுன் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதற்கு அலாரம் அடிப்பது வீண். அட்மின் 1, ஆப்பர் 2 என்றால்தான் வேலை. சாபிக்ஸின் ஆயத்த டெம்ப்ளேட் அட்மின் டவுனில் இருக்கும் போர்ட்டைச் சேர்க்காமலே விட்டுவிடும், அது ஒரு வசதி. ஆப்பரில் 7 வந்தால் பயப்பட வேண்டாம், அதற்குக் கீழே இருக்கும் இன்டர்ஃபேஸ் விழுந்திருக்கிறது என்று பொருள். பிரச்சினையை அங்கே தேடுங்கள்.

இன்னொரு கேள்வி நம் ஏரியாவுக்கு ரொம்ப முக்கியம்: போனது கரண்டா, லைனா? ஆளை அனுப்பும் முன்பே இதைக் கண்டுபிடித்துவிடலாம். லைன் திரும்பி வந்ததும் சிஸ்-அப்டைம் (ரவுட்டர் எழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்பது) பாருங்கள், 1.3.6.1.2.1.1.3.0. அது பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓட ஆரம்பித்திருந்தால் ரவுட்டர் அணைந்து எழுந்திருக்கிறது, அதாவது பெரும்பாலும் கரண்ட். (497 நாளானால் அந்த எண் தானாகவே பூஜ்யத்துக்கு வரும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) அப்டைம் அப்படியே ஓடிக்கொண்டிருக்க, லாஸ்ட் சேஞ்ச் மட்டும், அதாவது போர்ட் நிலை கடைசியாக மாறிய நேரம், 9-இல் முடியும் எண், புதிதாக மாறியிருந்தால் ரவுட்டர் விழவில்லை, போர்ட் விழுந்து எழுந்திருக்கிறது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ரவுட்டர் யு.பி.எஸ்-இலும் கன்வர்ட்டர் சுவர் பிளக்கிலும் இருந்தால் கரண்ட் கட்டும் இப்படித்தான் தெரியும். கன்வர்ட்டர் அடாப்டரை யு.பி.எஸ்-க்கு மாற்றாமல் சர்வீஸ்காரரோடு சண்டை போடாதீர்கள். இரண்டுமே மாறாமல் பிங் மட்டும் போயிருந்தால் பழுது கன்வர்ட்டருக்கு அப்பால், அது அவர் தலைவலி. எல்.எஃப்.பி ஆனில் இருந்தால் மட்டும் ஃபைபர் அறுந்தாலும் லாஸ்ட் சேஞ்ச் மாறும், அதையும் கணக்கில் வையுங்கள்.

டிராப் (ரவுட்டர் தானாகவே அனுப்பும் எச்சரிக்கை) அனுப்பச் சொல்லிவிட்டேனே, போதாதா என்று சிலர் கேட்பார்கள். ‘லைன் போச்சு’ என்ற டிராப், போன அந்த லைன் வழியாகத்தானே பாரிமுனைக்கு வர வேண்டும்! ரவுட்டர் அதை யு.டி.பி 162-இல் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்றுகூடப் பார்க்காது. ரவுட்டரில் 4ஜி சிம் போல இரண்டாவது வழி இருந்தால் டிராப்புக்கு அர்த்தம் உண்டு. ஒற்றை லைன் யார்டுக்கு பாரிமுனைப் பக்கத்திலிருந்து போடும் பிங்தான் நம்பகமானது.

எண்ணூர், காசிமேடு பக்கம் கருவி வைத்திருப்பவர்கள் 14-இல் முடியும் எண்ணையும், அதாவது இன்-எரர்ஸையும் (பழுதாகி வந்த பாக்கெட்டுகளின் கணக்கு), கிராஃபில் போடுங்கள். உப்புக்காற்றில் ஆர்.ஜே-45 பின்கள் அரித்துப் போகும். போர்ட் விழாது, எரர் மட்டும் மெல்ல ஏறும். கேபிளை மாற்றினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

லிப்ரே-என்.எம்.எஸ் சாதாரணமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ரவுட்டரிடம் நிலவரம் கேட்கும். நடுவில் விழுந்து எழுந்த போர்ட் அதன் கண்ணில் படாமலே போகலாம். லாஸ்ட் சேஞ்ச் அதற்கும் உதவும். ஒவ்வொரு போர்ட்டின் டிஸ்கிரிப்ஷனிலும் சர்வீஸ்காரரின் சர்க்யூட் ஐ.டி-யை எழுதிவிடுங்கள். அலர்ட் மெயிலில் அதுவும் சேர்ந்து வரும்படி செய்தால், ராத்திரியில் கஸ்டமர் கேரில் "சர்க்யூட் ஐ.டி சொல்லுங்க சார்" என்று கேட்கும்போது பில்லைத் தேடி பீரோவைத் திறக்க வேண்டியதில்லை.