ஸ்ட்ரிப் லைட் கடைசியில் மங்குவது ஏன்?

கேள்வி: ஃபால்ஸ் சீலிங்கில் 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் இரண்டு ரோல், மொத்தம் 10 மீட்டர், நானே ஒட்டினேன். ஒன்றின் நுனியில் மற்றதை இணைத்து 5 ஆம்பியர் அடாப்டர் கொடுத்தேன். தொடக்கத்தில் பளிச்சென்று எரிகிறது, கடைசியில் மங்கல். அடாப்டர் கொதித்து, விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. ஸ்ட்ரிப் பழுதா?

பதில்: ஸ்ட்ரிப்பில் குறை இல்லை, புது ரோல் வாங்காதீர்கள். மீட்டருக்கு 60 சிப் உள்ள 5050 வகை மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். பத்து மீட்டருக்கு 144 வாட், அதாவது 12 ஆம்பியர். 5 ஆம்பியர் அடாப்டர் இதை எப்படித் தாங்கும்? 15 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டி) குறைந்தபட்சத் தேவை. சீலிங்குக்குள் சூடு தேங்கும் என்பதால் 20 ஆம்பியராகவே வாங்குங்கள்.

‘பக்கத்து வீட்டில் இதே அடாப்டர் இரண்டு ரோலை ஓட்டுகிறதே’ என்பீர்கள். ஓட்டும், அது 3528 வகையாக இருந்தால். அந்தச் சிப் 3.5க்கு 2.8 மில்லிமீட்டர்தான், மீட்டருக்கு 60 சிப் இருந்தால் 4.8 வாட். இரண்டு ரோலும் சேர்ந்து 4 ஆம்பியர். உங்களுடையதை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 5 மில்லிமீட்டர் சதுரமாக, பக்கத்துக்கு மூன்று வீதம் ஆறு உலோகக் கால்கள் இருந்தால் 5050. அப்படியென்றால் பக்கத்து வீட்டுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

மங்கலுக்குக் காரணம் இணைத்த விதம். ஸ்ட்ரிப்பில் உள்ள செம்புப் பட்டை மிக மெல்லியது. பத்து மீட்டருக்கான கரண்ட் முழுவதும் முதல் ரோல் வழியே போவதால் நுனிக்குப் போய்ச் சேரும்போது வோல்ட் குறைந்துவிடுகிறது. 12 வோல்ட் 10 ஆனாலே வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். இரண்டு ரோலையும் பிரியுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை நடுவில் வைத்து, ஆளுக்கொரு பக்கமாகத் தனித்தனி ஒயர் கொடுங்கள். ஒவ்வொரு ரோலின் மறுநுனிக்கும் அதே எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் ஒரு ஜோடி இழுத்து, பிளஸ் பிளஸ்ஸோடும் மைனஸ் மைனஸ்ஸோடும் சேருங்கள். இணைப்புகளைச் சால்டர் செய்யுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் நாளடைவில் தளர்ந்து சூடாகும்.

இனி முக்கியமான எச்சரிக்கை. சிலர் வந்து எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஓரத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருகி 14 வோல்ட் வைத்து, ‘சரியாகிவிட்டது’ என்று காசு வாங்கிப் போவார்கள். கடைசி பிரகாசமாகும், முன்பக்கச் சிப்புகளில் கரண்ட் ஒன்றரை மடங்குக்கு ஏறி, அவை வரிசையாகக் கருகும். அந்த ஸ்க்ரூவை யாரும் தொட விடாதீர்கள்.

அடிக்கணக்கில் ரேட் பேசும் இன்டீரியர் கான்ட்ராக்டர்களிலும் சிலர், எடையே இல்லாத மலிவு எஸ்.எம்.பி.எஸ்.ஸை உள்ளே போட்டு ஜிப்சத்தால் மூடிவிடுகிறார்கள். பழுதானால் சீலிங்கை உடைக்க வேண்டும். ஓர் அடிக்கு ஓர் அடி திறப்பு கேட்டு வாங்குங்கள். எல்.இ.டி. டிரைவர்களுக்கு, அதாவது விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இந்தப் பெட்டிகளுக்கு, பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம், ‘ஆர்’ எழுத்தோடு எண் இருக்கும். ஆனாலும் எண் இல்லாத சரக்கு கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. சட்டம் போட்டவர்கள் கடைக்கு வந்து பார்த்தால்தானே! ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டு நீங்களே சரிபாருங்கள்.

230 வோல்ட் பக்கத்தை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எர்த் ஒயர் கட்டாயம். பெட்டியில் 115/230 சுவிட்ச் இருந்தால் 230இல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மெயினைப் போடச் சொல்லுங்கள். எல்லாம் எரியும்போது ஒவ்வொரு ரோலின் நடுவிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், மங்கல் மிஞ்சினால் அங்கேதான் தெரியும். 11 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ஏதோ ஒரு சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை. அதைத் தேடிச் சரிசெய்த பிறகு மூடுங்கள்.